மெஷினுக்குள் மாமாவின் மூச்சு

எழுபதுகளில் நான் சுரங்கத்தின் ஆய்வுக்கூடத்தில் கேஸ் குரோமட்டோகிராஃப் என்ற மெஷினைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருந்தேன். பாதாளத்திலிருந்து பிளாடர் என்ற ரப்பர் பையில் பிடித்துவரும் காற்றை அதில் விட்டால், வாயுக்களைத் தனித்தனியாகப் பிரித்துக் காகிதத்தில் மேடு மேடாக வரையும். கேஜ் என்ற சுரங்க லிஃப்டில் இறங்கிக் காற்றுப் பிடித்து வருபவர் என் அத்தையின் கணவர். எங்கள் குடும்பத்தில் முதலில் படித்தவன் என்பதால் என்மேல் அவருக்குப் பெருமை, கொஞ்சம் இளக்காரமும்.

ஒருநாள் கரியமிலவாயு மலையாக எழுந்தது, ஆக்சிஜன் குறைந்திருந்தது. அப்படியே எழுதிக் கொடுத்தால் பாதாளத்தில் அந்த ஆழத்தில் வேலை செய்யும் அத்தனை பேரையும் மேலே ஏற்றிவிடுவார்கள். சந்தேகத்தில் இன்னொரு பிளாடரை நானே ஊதி மெஷினில் விட்டேன். இரண்டு காகிதங்களும் அச்சு அசலாக ஒன்றாக இருந்தன.

"இன்னா மாமா, கேஜ்ல எறங்கவே இல்லியா? வாயால ஊதி எட்த்தாந்துட்டீங்களா?"

மாமாவுக்கு வேர்த்துவிட்டது. "மெஷினு என் பேரயா சொல்லிச்சி? மேல சொல்லிடாதடா, வேலயே பூடும்!"

"அப்ப ரிப்போர்ட் கேக்கறதுக்குள்ள நெசக் காத்தோட வாங்க."

ஓடினார். நிஜக் காற்று சுத்தமாகவே இருந்தது, அதையே எழுதினேன்.

தான் மாட்டியதை மறைத்து, ஆளின் மூச்சை வைத்தே எல்லாவற்றையும் கண்டுபிடிக்கும் மெஷின் அது என்று மாமா தொழிலாளர் லைன் வீடுகளெங்கும் அளந்துவிட்டார். அடுத்த வாரம் அத்தை, மாமாவை ஊதவைத்த பிளாடரோடு அவரையும் இழுத்துக்கொண்டு ஆய்வுக்கூடத்துக்கே வந்துவிட்டாள்.

"பீடிய வுட்டுட்டேன்னு சத்தியம் பண்றாரு. மெஷின்ல போட்டுப் பார்றா."

அவள் முதுகுக்குப் பின்னால் நின்று மாமா என்னைக் கையெடுத்துக் கும்பிட்டார்.