ராயபுரத்தில் ஒரு லிஸ்பன் சாவி

இன்று மதியம் ராயபுரத்தில் தாஸ் அண்ணனின் பூட்டுக் கடையில் மாற்றுச் சாவிக்காகக் காத்திருந்தேன்.

வெளிநாட்டுப் பெண் ஒருத்தி பூட்டிய பெட்டியை இழுத்துக்கொண்டு ஓடி வந்தாள். பாஸ்போர்ட் அதற்குள் இருந்தது. மாலையில் விமானம். பதற்றத்தில் அவளுக்கு ஆங்கிலமே வரவில்லை; எல்லாம் சைகையில்தான் சொன்னாள்.

"இன்னாம்மா, சாவி தொலஞ்சிட்சா?" என்றார் அண்ணன்.

அவள் சட்டென்று நிமிர்ந்தாள். "ஷாவ்! ஷாவ்!"

லிஸ்பன்காரியாம். அவளுடைய போர்த்துகீசிய மொழியிலும் சாவிக்கு ஏறக்குறைய அதே சொல்தான்.

அண்ணன் கம்பியால் பூட்டைத் துழாவிக்கொண்டிருக்க, அவள் ஜன்னலைக் காட்டி "ஜனேலா" என்றாள். மேசையைத் தொட்டு "மேசா" என்றாள். நான் நம் சொற்களைச் சொல்லச் சொல்ல, பதற்றம் மறந்து சிரித்தாள்.

துறைமுகக் காற்று வீசியது. என்றோ போர்த்துகீசியர் கப்பலிலிருந்து இறங்கிய சொற்கள், ஊர் திரும்ப மனமில்லாமல் நம் வீடுகளிலேயே தங்கிவிட்டன என்று அண்ணனிடம் சொன்னேன்.

பூட்டு திறந்தது. அண்ணனின் கையைப் பிடித்து "ஒப்ரிகாடா" என்று சொல்லிவிட்டு ஆட்டோவில் ஏறிப் போனாள்.

"கடசியா இன்னா நைனா சொல்லிச்சு?" என்று என்னைக் கேட்டார்.

"நன்றின்னு அர்த்தம்ணே."

"சாவி, ஜன்னலு, மேச எல்லாம் குட்த்தாங்க. இத்த மட்டும் அந்தக் காலத்துல சொல்லாமலே போய்ட்டாங்க பாரு!"

சிரித்துக்கொண்டே என் மாற்றுச் சாவியை வாங்கிக்கொண்டு கிளம்பினேன்.