மழையை நிறுத்திய பிறகு

பிரதீஸுக்கு மழை செய்வதுதான் வேலை. அம்பிட்டியவில் ஒரு வாடகை வீட்டு மாடியில், வெளிநாட்டுக்காரர்களுக்குக் கணினி விளையாட்டுகள் செய்யும் சின்ன நிறுவனம். என்னோடு கெம்பஸில் பட்டத்துக்குப் படித்தவன். தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான அவர்கள் லயத்திலிருந்து கெம்பஸுக்குப் போன முதல் ஆள் அவன்; என் வீட்டில் நான். எனக்கு இன்னும் வேலை கிடைக்கவில்லை. அவன் செய்ததை விளையாடிப் பார்த்து, நிஜம்போல் இருக்கிறதா என்று சொல்லவும், விளையாடும் மற்றவர்களிடம் கேட்கவும் அங்கே போவேன்.

"ஒண்ட மழையில நனைஞ்சா தடிமன் கூட வராது மச்சான்" என்று கூட வேலை செய்யும் ஃபாஸில் முன்பெல்லாம் கிண்டலடிப்பான். அதன் பிறகுதான் பிரதீஸ் விழும் துளிகளை விட்டுவிட்டு, விழுந்த நீர் என்ன செய்கிறது என்பதைச் செய்யத் தொடங்கினான். கூரைத் தகரம் கறுத்தது. வாசலோரக் கான் வாய்க்காலில் செந்நீர் ஓடியது. விளையாடியவர்கள் தங்களை அறியாமல் தோளைக் குறுக்கிக்கொண்டார்கள்.

போன வருடக் கடைசியில் கடுகண்ணாவைக்கு மேலே பிரதீஸின் லயத்தின் மீது மலை சரிந்தது. வீட்டில் தனியாக இருந்த அவன் தங்கை நிஷாந்தினி கிடைக்கவே இல்லை. உடல் கிடைக்காதவர்களுக்கு அவர்கள் இருந்த வாசலில்தான் கருமாதிப் படையல் வைப்பது அந்தத் தோட்டத்து வழக்கம். ஆனால் சரிவுக்கு யாரும் போகக்கூடாது என்று தடை. மீறிப் போன அவன் அம்மா ராக்கம்மாவைப் பாதை வளைவிலேயே பொலிஸ் திருப்பி அனுப்பிவிட்டது. அதன் பிறகு அவர் கலகெதரயில் உறவினர் வீட்டில், சரியாகச் சாப்பிடாமல் இருந்தார்.

பிரதீஸ் தன் போனில் இருந்த பழைய படங்களை வைத்து, மலை சரியுமுன் இருந்த லயத்தைக் கணினியில் செய்தான். நானும் அங்கே இருந்த ஒரு ஞாயிறு காலை அம்மாவை அழைத்து வந்தான். அவர் கையில் ஒரு பை.

"இந்தக் கதிரையில ஒக்காருங்கம்மா."

திரையில் மூடுபனி விலகி, லயத்தார் தண்ணீர் பிடிக்கும் பீலி மழையில் தெரிந்தது. ராக்கம்மா முன்னால் சாய்ந்தார்.

"நம்ம பீலியடி... தண்ணி கலங்கி வருதேய்யா." சட்டென்று மகனின் கையைப் பிடித்தார். "மழைய நிப்பாட்டு! புள்ள உள்ள இருக்கா!"

அவன் பதறி நிறுத்தினான். மழை போயிற்று, பனியும் போயிற்று. வெயிலில் எல்லாம் பளிச்சென்று, கடையில் வாங்கிய பொம்மை வீடுபோல் நின்றது.

அவர் வெகுநேரம் பார்த்தார்.

"இது நம்ம லயம் இல்ல."

மறுபடி மழையைப் போட்டான்.

"இதுதான்" என்றார். பிறகு மெதுவாக, "அப்ப, மழை இல்லாம அவ இருக்க மாட்டாளா?"

எத்தனையோ பேரிடம் கேட்டிருக்கிறேன், எது நிஜம்போல் இருக்கிறது, மழையா, பனியா, காற்றா என்று. அந்தக் கேள்வியை எந்தத் தைரியத்தில் கேட்டேன் என்று அப்போது தெரியவில்லை.

"பேஞ்சா பேயட்டும். வாசலுக்குக் கூட்டிட்டுப் போ."

பிரதீஸ் விசையை அழுத்தினான். பாதை வழுக்கி வழுக்கி மேலேறி, அவர்கள் வீட்டு நீலக் கதவின் முன் நின்றது.

"தொறய்யா."

அவன் விசையிலிருந்து கையை எடுத்தான்.

"உள்ளுக்கு ஒண்ணும் செய்யலம்மா. வெளிய மட்டுந்தான். உள்ளுக்குச் செய்ய... என்னால முடியல."

ராக்கம்மா அவன் தலையைத் தடவினார். பையிலிருந்து ரொட்டியையும் கட்டச் சம்பலையும் எடுத்து, வாழையிலையில் பரப்பி, திரைக்கு முன்னால் வைத்தார்.

"நிஷா, வெளிய வந்து சாப்புடும்மா" என்றார்.

நாங்கள் மூவரும் மூடியிருந்த கதவையே பார்த்துக்கொண்டிருந்தோம்.