திருப்பி வைத்த சஹன்

நேற்று பண்டார் ஹிலிரில் ஒரு கல்யாண விருந்தில், நான்கு பேர் சேர்ந்து உண்ணும் சஹன் தட்டிலிருந்து சோற்று ஆவி முகத்தில் அடித்ததும், மெர்டேக்கா என்று சுதந்திரம் வந்த வருடம் நான் தங்கி ஓதிய காஜா பெராங் மதரஸா, ஈரச் சுவரும் கருவாட்டுப் புகையும் பாய்களின் வேர்வை வாடையுமாக நினைவில் எழுந்து நின்றது. இப்போது அங்கே கார் நிறுத்துகிறார்கள்.

எங்கள் சஹனில் அவரவர் முன்னால் இருக்கும் சோற்றை மட்டும்தான் அள்ள வேண்டும். அடுத்தவர் பக்கம் கை போகக் கூடாது. எங்கள் நால்வரில் ஒருவன், காய்ச்சலில் மௌத்தான காசிமை அடக்கம் செய்துவிட்டு வந்த மதியம், சமையல்காரர் பழக்கத்தில் நால்வருக்கே போட்டுவிட்டார். காசிமின் கருவாட்டுத் துண்டு காலியிடத்தைப் பார்த்துக் கிடந்தது. எங்களால் எங்கள் பக்கத்துச் சோற்றைக்கூடத் தொட முடியவில்லை.

எங்கள் சஹனுக்கு அமீர், அதாவது தலைவர், யூசுப் அண்ணன்; பதினைந்து வயதிருக்கும். அவர் தட்டைத் திருப்பினார். அந்தத் துண்டு அவர் முன்னால் வந்து நின்றது.

"பிஸ்மி சொல்லிச் சாப்பிடுங்கடா. அசர் தொழுகைக்குள்ள பாடம் ஒப்பிக்கணும்லா."

முள்ளைக்கூட விடாமல் மென்று விழுங்கினார். காசிம் அவருடைய கூடப் பிறந்த தம்பி.