திறப்பைக் குடுத்த மனுசன்

பார்லிமெண்டில ஒரு சட்டம் நிறைவேறினால் அங்க கை தட்டுவினம். அதுக்கு ஏச்சு வாங்கிறது கவுன்சில் கவுண்டரில இருக்கிற நாங்கள்.

நான் லண்டனில ஒரு கவுன்சிலில, அதாவது நகரசபையில, வீடில்லாதவைக்கு இடம் பாத்துக் குடுக்கிற கவுண்டரில பதினாறு வருசமாய் இருக்கிறன். எந்தக் கவுன்சில் எண்டு கேளாதேங்கோ, எனக்குப் பென்ஷன் வேணும். கண்ணாடிக்குப் பின்னால இருந்து சனத்துக்கு ‘ஏலாது’ சொல்லிச் சம்பளம் எடுக்கிற ஆக்கள் ஆரும் இதை வாசிச்சால், உங்களுக்கு நான் ஒண்டும் விளங்கப்படுத்தத் தேவையில்லை. மற்றவைக்குத்தான் எழுதிறன்.

நல்ல சட்டம் ஒண்டு

காரணம் சொல்லாமல் வாடகைக்கு இருக்கிறவையை எழுப்பக்கூடாது எண்டு மேல ஒரு சட்டம் போட்டினம். நல்ல சட்டம். நானும் சந்தோசப்பட்டனான், பொய் சொல்லக்கூடாது. ஆனால் அது நடைமுறைக்கு வர மாதக்கணக்கில தவணை வைச்சினம். இப்ப விட்டால் பிறகு ஏலாது எண்டு வீட்டுக்காரர் எல்லாம் அதுக்குள்ள நோட்டீசை நீட்டத் தொடங்கிச்சினம். எங்கட வாசல் வரிசை தெருவுக்கு வந்திட்டுது. அந்தச் சனத்துக்குக் குடுக்க மேல இருந்து ஒரு வீடும் வரேல்லை.

எங்கட மேனேஜர் லலிதா மலேசியாவில இருந்து படிக்க வந்து இங்கயே தங்கின தமிழ்ப் பெண். யன்னலால வரிசையைப் பாத்துக்கொண்டு சொன்னா: “காப்பாத்துற சட்டம் வந்து சேர்றதுக்குள்ள இவங்க எல்லாருக்கும் வீடு போயிடும் போல இருக்கே.”

எழும்பாதேங்கோ

அந்த வரிசையில வந்தவர்தான் குணம் அண்ணை. அறுபது தாண்டின மனுசன், ஒரு கிடங்கில ஷிப்ட் வேலை. அவரின்ர மனுசி ரதி அக்காவுக்கு ரெண்டு சிறுநீரகமும் போயிட்டுது. கிழமைக்கு மூண்டு நாள் ஆஸ்பத்திரியில மெஷினில போட்டு இரத்தம் சுத்தம் செய்யவேணும். இருந்த வீட்டில இருந்து பஸ்ஸில பத்து நிமிஷம். அண்ணை என்னட்டைக் கேட்டது ஒண்டுதான்: அறை எவ்வளவு சின்னனாய் இருந்தாலும் பரவாயில்லை, ஆஸ்பத்திரிக்குக் கிட்ட இருந்தால் காணும்.

நான் ஆறுதலாய்ச் சொன்னன். நோட்டீசில போட்ட திகதி முடிஞ்சாலும் எழும்பாதேங்கோ. கோர்ட் ஆள் வந்து கதவைப் பூட்டுமட்டும் உள்ளுக்கை இருங்கோ. இருக்கக்கூடிய வீட்டை விட்டுத் தானாய் வெளிக்கிட்டால், வேணுமெண்டே வீடில்லாமல் ஆனவர் எண்டு தள்ளிவிடச் சட்டத்தில இடமிருக்கு, குடுக்க வீடில்லாத கவுன்சில் அதைத்தான் இறுக்கிப் பிடிக்கும் எண்டன். மூண்டு தரம் சொன்னன். பேப்பரில எழுதியும் குடுத்தன். அண்ணை அதை மடிச்சுச் சட்டைப் பொக்கற்றில வைச்சார்.

“அது சரி பிள்ளை, ஆனால் ஆள் வந்து பிடிச்சு வெளியில விடுமட்டும் ஒரு மானமுள்ளவன் இன்னொருத்தன்ர வீட்டில இருப்பானே?”

நற்சான்றுப் பத்திரம்

திகதி முடிஞ்ச மறுநாள் காலமை ரெண்டு பேரும் நாலு பெட்டியோட வந்து நிக்கினம். வீட்டுக்காரர் தெற்கு லண்டனில, சட்டன் எண்ட இடத்தில இருக்கிற எங்கட தமிழ் ஆள்தான். முதல்நாள் விபூதிப் பிரசாதத்தோட வந்து, தன்னைக் கோர்ட்டுக்கு அலைய விடவேண்டாம் எண்டு அண்ணையின்ர கையைப் பிடிச்சாராம். அண்ணை வீட்டைக் கழுவித் துடைச்சு, குசினிச் சுவருக்குப் பெயின்ற்றும் அடிச்சு, கதவைப் பூட்டித் திறப்பை வீட்டுக்காரரின்ர கையில குடுத்திட்டு வந்திட்டார்.

அதோட விட்டாரே? ஊரில வேலைக்குப் போறவன் நற்சான்றுப் பத்திரம் கொண்டுபோற மாதிரி, வீட்டுக்காரரிட்டை ஒரு கடிதமும் வாங்கிக்கொண்டு வந்திருந்தார். ஒருநாளும் பிந்தாமல், தன்ர விருப்பத்தில, சந்தோசமாய் வீட்டை ஒப்படைச்ச நேர்மையான மனுசன் எண்டு அதில இருந்தது. நான் காணமுதலே வரவேற்பில குடுத்து, அவையும் ஸ்கேன் பண்ணிப் பைலில ஏத்திப்போட்டினம். என்ர கையில முதல் வந்திருந்தால் கிழிச்சிருப்பன், வேலை போனாலும் பரவாயில்லை எண்டு. கோபத்தில அண்ணையைக் கண்டபடி ஏசிப்போட்டன். இப்பவும் அதை நினைக்க வெக்கமாய் இருக்கு.

ரதி அக்கா கதிரையில இருந்தபடி மெதுவாய்ச் சொன்னா: “அவரை ஏசாதேங்கோ பிள்ளை, அவர் ஆருக்கும் கரைச்சல் குடுத்துப் பழகேல்லை.”

முடிவுக் கடிதம்

நான் லலிதாவோட சண்டை பிடிச்சன். வெளியில தள்ளுமட்டும் காத்திருக்கச் சொல்லி ஒருத்தரையும் வற்புறுத்தக்கூடாது எண்டு அரசாங்கமே வழிகாட்டல் எழுதியிருக்கெல்லே எண்டு கேட்டன். அவவுக்கும் அது தெரியும். மேல்மாடிக்குப் போய்ப் பெரியவையோட கதைச்சுப்போட்டு முகம் செத்து வந்தா. திறப்பைக் குடுத்திட்டு வாற எல்லாருக்கும் நாளைக்கு எங்க இருந்து வீடு குடுப்பீர் எண்டு கேட்டினமாம்.

கடிதம் என்ர கையெழுத்தோட போனது. வேணுமெண்டே வீடில்லாமல் ஆனவர். ஆறு கிழமைக்கு ஒரு தற்காலிக அறை. அதுவும் ரயிலில ரெண்டு மணித்தியாலம் தள்ளி, கடற்கரை ஊர் ஒண்டில. லண்டனில அறை இல்லை. இங்கிலீசில எழுதினதைத் தமிழில வாசிச்சுக் காட்டச் சொல்லி அண்ணை கேட்டார். வாசிச்சன். என்ர குரல் எனக்கே பிடிக்கேல்லை. முழுக்கக் கேட்டுப்போட்டு, கண்ணாடிக்குக் கீழால கடிதத்தைத் திருப்பித் தந்தார்.

“நான் விட்ட பிழை எந்த வரியில இருக்கு எண்டு ஒருக்கால் விரலை வைச்சுக் காட்டுங்கோ பிள்ளை.”

விலாச மாற்றம்

மறுபரிசீலனைக்கு விண்ணப்பம் போடுவிச்சன். சாப்பாட்டு நேரத்தில கதவைச் சாத்திப்போட்டு நானே சொல்லச்சொல்ல அண்ணை எழுதினார். பதில் சொல்லச் சட்டம் கவுன்சிலுக்கு எட்டுக் கிழமை குடுக்குது. ரதி அக்காவின்ர உடம்பு ரெண்டு மூண்டு நாளுக்கு மேல குடுக்காது. கடற்கரை ஊர் ஆஸ்பத்திரியில மெஷினுக்கு இடமில்லை, அங்கயும் வரிசை. ஆகவே விடியவே வெளிக்கிட்டு, ரெண்டு ரயில் மாறி லண்டனுக்கு வருவினம். ஒரு திங்கட்கிழமை ரயில் ஓடேல்லை. புதன்கிழமை ஆஸ்பத்திரி வாசலுக்கு வந்து சேர்ந்த இடத்தில ரதி அக்கா விழுந்திட்டா.

அடுத்த கிழமை அண்ணை தனிய வந்தார். ஏசத்தான் வாறார் எண்டு நினைச்சன். ஏசட்டும் எண்டுதான் இருந்தன். அவர் எடுத்து நீட்டினது எங்கட படிவம். விலாசம் மாறினால் உடனே அறிவிக்கவேணும் எண்டு கடைசிப் பக்கத்தில போட்டிருக்கிறம், மனுசன் அதை மறக்கேல்லை. ரதி அக்காவின்ர பேருக்கு நேரே வார்ட்டையும் கட்டில் இலக்கத்தையும் வடிவாய் எழுதியிருந்தார்.

“அவவுக்கு ஆஸ்பத்திரிக்குள்ளயே இடம் கிடைச்சிட்டுது பிள்ளை, இனி அங்க இருந்து வெளியில வரமாட்டாவாம்.”

ஒவ்வொரு சட்டத்தோடயும் கவுன்சிலுக்கு ஒரு புதுக் கடமை வந்திருக்கு, எனக்கு ஒரு புதுப் படிவம் வந்திருக்கு, வீடு மட்டும் இன்னும் வந்துகொண்டே இருக்கு.