பனங்கட்டியும் இஞ்சித் தேநீரும்

கண்டி வர்த்தகக் கண்காட்சியில் என் பனங்கட்டிக் கடைக்கு முன்னால் ஒருவரும் நிற்பதாயில்லை. யாழ்ப்பாணத்திலிருந்து பஸ்ஸில் மனப்பாடம் செய்துகொண்டு வந்த அறிமுகப் பேச்சு கேட்க ஆளில்லாமல் கிடக்கிறது. பக்கத்துக் கடையில் இஞ்சித் தேயிலை விற்கும் மடவளை ஊர் முஸ்லிம் அண்ணன், எல்லாருக்கும் 'நானா', ஒரு கோப்பைத் தேநீரை நீட்டுகிறார். பதிலுக்கு ஒரு துண்டு பனங்கட்டி கொடுக்கிறேன். அதைக் கடித்துக்கொண்டு தேநீரை உறிஞ்சியவர், "அல்லாஹ்! இத எங்க, தங்கச்சி, ஒளிச்சு வச்சிருந்தீங்க?" என்று மண்டபமே திரும்பிப் பார்க்கும்படி கத்துகிறார்.

கூட்டம் மொய்க்கிறது. அவர் ஊற்றுகிறார், நான் உடைக்கிறேன், வாய் தானாகவே பேசுகிறது. புசல்லாவை ஹோட்டல்காரர் ஒருவர் இரண்டையும் மாதாமாதம் அனுப்பச் சொல்லிவிட்டு, "நீங்க ரெண்டு பேரும் எத்தன வருஷமா பங்காளிங்க?" என்கிறார்.

"இந்தத் தண்ணி கொதிச்சதுலருந்து!" என்கிறார் நானா.

சிரித்துச் சிரித்து எனக்குக் கண்ணீரே வந்துவிடுகிறது. அவருடைய பெயரைக்கூட நான் இன்னும் கேட்கவில்லை.