கூப்பிடாமல் ஏறியவர்கள்

லிஃப்ட் பழுதுபார்க்கும் அந்தக் கம்பெனியில் இருபத்தாறு வருடமாக அவர்தான் மூத்த மெக்கானிக். மோட்டார் மேல் ஸ்க்ரூடிரைவர் முனையை வைத்து, கைப்பிடியைக் காதோடு அழுத்தி, எந்த பேரிங் போகப்போகிறது என்று சொல்லிவிடுவார். அந்தக் காதுதான் ஆறு மாதமாகக் கைவிட ஆரம்பித்திருந்தது. கதவு உரசும் கீச்சொலி எட்டவில்லை. வீட்டில் மூச்சு விடவில்லை. டிவி சத்தத்தைக் கூட்டிவைத்து, "டிவி சரியில்லை" என்று பழியை அதன் தலையில் போட்டார்.

ஒரு மதியம் எல்லோரும் சாப்பிடப் போன நேரத்தில், ஆபீஸ் கம்ப்யூட்டரில் காது மெஷின்களைத் தேடிப் பார்த்தார். வீட்டு போனில் பார்த்தால் மனைவி கண்ணில் பட்டுவிடும். பார்த்து முடித்து, ஒன்றும் அறியாதவர் போல டீ குடிக்கப் போய்விட்டார்.

மறுநாள் முதலாளி இரும்புக் கயிற்றின் விலை பார்க்க அதே கம்ப்யூட்டரில் உட்கார்ந்தார். திரையின் ஓரத்தில், ஒரு விளம்பரத்தில், ஒரு பெரியவர் காதைத் தொட்டுக்கொண்டு சிரித்தார். கீழே, 'சரியாகக் கேட்கவில்லையா?'

"யாருக்குய்யா இங்க காது மந்தம்?" முதலாளி நாற்காலியைத் திருப்பி ஒவ்வொரு முகமாகப் பார்த்தார்.

மெக்கானிக் ஸ்பானர் பெட்டிக்குள் எதையோ தேடுவது போலக் குனிந்துகொண்டார். காது கேட்காதவனை நம்பி லிஃப்ட் சாவியை யார் கொடுப்பார்கள்?

"நீங்க போடுற சத்தத்துல கம்ப்யூட்டருக்கே போயிருக்கும் சார்" என்று அலமாரிக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. எல்லோரும் சிரித்தார்கள், முதலாளியும்தான்.

குரல் ஸ்டோர் அக்காவுடையது. பெட்டி ஒட்டும் வேலைக்கு வந்து, உதிரி பாகங்கள் மொத்தத்துக்கும் பொறுப்பானவள். கணவர் இறந்து ஒரு வருடம் வரைக்கும் அவர் சாப்பிட்ட மருந்தின் விளம்பரம் அவள் போனில் வந்துகொண்டே இருந்ததாம். யாரிடம் சொல்லி நிறுத்துவது என்று தெரியாமல், தானே நோண்டிக் கற்றுக்கொண்டாள்.

அன்று சாயங்காலம் அவள் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தாள். மெக்கானிக் பக்கத்து மேசையில் ஒரு பூட்டைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

"ஒரு பக்கத்தைத் திறந்தா, அதுக்குள்ள யார் யாரோ வெச்ச குட்டி புரோகிராம்களும் சேர்ந்து ஓடுதுண்ணே" என்றாள், திரையைப் பார்த்தபடியே, அவருக்குக் கேட்கும் அளவுக்கு உரக்க. "நாம ஒரு ஆளுக்கு லிஃப்ட் கதவைத் திறந்தா, கூப்பிடாத நாலு பேர் கூடவே ஏறிக்கிற மாதிரி. நாம எதைப் பார்த்தோம்னு குறிச்சுக்கிட்டு, அடுத்த இடத்துல போய்ச் சொல்லிடும். பழசையெல்லாம் அழிச்சுட்டேன். இனிமே நான் விட்டாத்தான் உள்ள வரும்."

மறுநாள் காலையிலேயே வினை வந்தது. ஒரு குடியிருப்பில் லிஃப்ட் நின்றுவிட்டது. கதவு ரோலர் வாங்க வேண்டும். கம்ப்யூட்டரில் விற்பவர்களின் பக்கம் வந்தது, ஆனால் ஆர்டர் பட்டனை எத்தனை தட்டு தட்டியும் அசையவில்லை.

"என்னத்தைப் பண்ணித் தொலைச்சே? உன்னை யாரு கைவைக்கச் சொன்னா? எல்லாத்தையும் பழையபடி திறந்துவிடு!" முதலாளி கத்தியது தெருவுக்கே கேட்டிருக்கும்.

மெக்கானிக் அவள் முகத்தைப் பார்த்தார். யாருக்காக என்று அவள் ஒரு வார்த்தை சொன்னால் போதும், திட்டு நின்றுவிடும்.

"பத்து நிமிஷம் குடுங்க சார். ஆகலைன்னா நானே மாத்திடறேன்."

முதலில் அந்தக் கடையின் சொந்த புரோகிராமை மட்டும் உள்ளே விட்டாள். பட்டன் எழுந்தது, பணம் கட்டும் இடம் எழவில்லை. அதற்கானதையும் உள்ளே விட்டாள். மற்றவற்றை அடைத்தே வைத்தாள். ஆர்டர் போனது. விளம்பரம் வந்த ஓரத்தில் வெறும் வெள்ளை.

"முன்னாடி பக்கம் இவ்வளவு சீக்கிரம் வராதே?" என்றார் முதலாளி, குரல் இறங்கி.

"முன்னாடி கூட்டம் சார்."

அதற்குப் பிறகு மதிய நேரங்களில் மெக்கானிக் பயமில்லாமல் தேடினார். டாக்டரைப் பார்த்தார். மெஷின் வாங்கி, முதலில் மனைவியிடம் காட்டினார்.

"அப்போ டிவி நல்லாத்தான் இருக்கா?" என்றாள் அவள், முறைத்துக்கொண்டே.

மறுநாள் அவராகவே முதலாளி முன் போய் நின்று சொன்னார்.

"ஆறு மாசமா நான் கத்தினது எதுவுமே உங்களுக்குக் கேக்கலையா?"

"பாதி கேட்டுச்சு சார்."

"குடுத்து வெச்ச மனுஷன்யா நீங்க." முதலாளி அவர் காதிலிருந்த மெஷினை எட்டிப் பார்த்தார். "கதவுச் சத்தம் பார்க்க மட்டும் இன்னொருத்தரைக் கூட்டிட்டுப் போங்க. சாவி உங்ககிட்டயே இருக்கட்டும்."

மெக்கானிக் நேரே ஸ்டோருக்குப் போனார். வாசலில் நின்றார்.

"அன்னிக்கு எனக்காக அவ்வளவு திட்டு வாங்கினியேம்மா..."

"உங்களுக்காகவா? யாரு என்ன தேடினாங்கன்னு எனக்கு எப்படித் தெரியும்?" அவள் போல்ட்டுகளைப் பிரித்துப் போட்டுக்கொண்டே சொன்னாள். "பழசை அழிக்கிறப்போ கண்ணாடியைக் கழட்டி வெச்சுட்டேன்ணே. கண்ணாடி இல்லைன்னா எனக்கு எழுத்தே தெரியாது."

மெக்கானிக் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு, அவளோடு உட்கார்ந்து போல்ட்டுகளைப் பிரிக்க ஆரம்பித்தார்.