ஈரமாக வந்த கல்பொடி

கங்கைகொண்டான் சாலையிலிருந்து சுண்ணாம்புக்கல் பள்ளத்துக்கு லாரி இறங்கும் பாதையைப் போட்டவன் நான். மூன்றாம் வகுப்போடு சிலேட்டை வீசிவிட்டுக் கல் சுமக்க வந்தவன், முப்பது ஆளுக்கு மேஸ்திரி ஆனேன். பள்ளத்தின் அடிமட்டம் வரை கிரேன் போகாது என்றார் படித்த இன்ஜினியர்; இறக்கிக் காட்டினேன். சுற்றியிருந்த மூன்று ஊர்களிலும் எங்கள் பன்னிரண்டு மணி வேட்டுச் சத்தத்தைக் கேட்டுத்தான் உலையை இறக்குவார்கள். என் அக்காளின் தோட்டக் கிணறு வற்றியபோது, என் ஆட்களையும் மிஷினையும் கொண்டுபோய் இன்னும் இரண்டு ஆள் ஆழம் தோண்டிக் கொடுத்தேன். "தம்பின்னா இப்படில்லா இருக்கணும்" என்றது ஊர்.

கடைசியாகச் சொன்னதற்காகத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

பள்ளத்தின் கிழக்கு ஓரத்தில் சர்வேயர் ஒரு வெள்ளைக் கோடு போட்டிருந்தார். அதைத் தாண்டித் தோண்டக் கூடாது. கோட்டுக்கு அந்தப் பக்கம் அக்காள் வீட்டுத் தோட்டம். நல்ல கல்லோ கோட்டுக்கு அடியில் நுழைந்து அந்தப் பக்கமே ஓடியது. விட மனசில்லை; கோட்டைத் தாண்டித் துளை போடச் சொன்னேன்.

காய்ந்த பாறையில் துளை போட்டால் மாவு மாதிரிப் பொடி பறக்கும். அன்றைக்குப் பறக்கவில்லை, குழைத்த திருநீறு போல வழிந்தது. துளை போட்டவர் மிஷினை நிறுத்திவிட்டார்.

"அண்ணாச்சி, பொடி ஈரமா வருது. அங்கன ஊத்து இருக்கும். நிப்பாட்டிருவோமா?"

"எனக்கே படிச்சுக் குடுக்கீரோ? வெடிமருந்தைப் போடும்வே."

பன்னிரண்டு மணிக்கு வெடித்தது. கல்லோடு தண்ணீரும் வந்து விழுந்தது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, ஜெயித்தவன் மாதிரி நின்றேன்.

பத்து நாளில் அக்காள் வந்தாள்.

"ஏலே, கிணத்துல தண்ணி பைய எறங்குது. மோட்டாரு காத்தை இழுக்கு. ஒங்க வேட்டுனால இருக்குமோ?"

"கோடைக்கா. எல்லாக் கிணறும் இப்படித்தான் கெடக்கு."

"அப்பச் சரி. கல்லைப் பத்தி ஒனக்குத் தெரியாததா?"

அதற்குப் பிறகுதான் அவள் கிணற்றை ஆழப்படுத்தினேன். இரண்டு ஆள் ஆழமும் காய்ந்த பொடிதான். குலை தள்ளின வாழை நின்றபடியே கருகியது. சேரன்மகாதேவிப் பக்கத்தாருக்கு ஆறு இருக்கிறது. எங்கள் மேட்டில் கிணறு போனால் எல்லாம் போச்சு. அத்தான் தோட்டத்தைப் போட்டுவிட்டு, ஒரு கம்பெனி வாசலில் வாட்ச்மேன் வேலைக்குப் போனார். எங்கே பார்த்தாலும் என்னைக் கும்பிடுவார். "மாப்ள, நீரு ஒம்மால ஆனதைச் செஞ்சீரு. தண்ணி இல்லாததுக்கு நீரு என்ன செய்வீரு?" என்பார். அப்படிச் சொல்லிக்கொண்டே போய்ச் சேர்ந்துவிட்டார்.

நல்ல கல் தீர்ந்ததும் பள்ளத்தில் வேலையை நிறுத்தினார்கள். ஊற்றுத் தண்ணீரை வெளியே இறைத்துக்கொண்டிருந்த பம்பை நிறுத்தியதும் தண்ணீர் ஏறி, இப்போது விளிம்புவரை நிற்கிறது. இந்த வருஷம் அதிலிருந்துதான் மூன்று ஊருக்கும் குழாய். கரையில் பலகை வைத்திருக்கிறார்கள்: 'இயற்கை ஊற்று'. கீழே குழாய் போட்டவர்களின் பெயர்கள்.

முதல் நாள் அக்காள் ஒரு டம்ளர் பிடித்துக் குடித்துப் பார்த்தாள். இன்னொரு மடக்கு குடித்தாள்.

"ஏலே, இது நம்ம தோட்டத்துத் தண்ணி மாதிரில்லா இருக்கு! அதே சவர்ப்பு."

சொல்லியிருக்கலாம். பக்கத்தில் வேறு யாரும் இல்லை. "ஆமாக்கா" என்று மட்டும் சொன்னேன். அவள் மிச்சத்தையும் குடித்தாள்.

பஞ்சாயத்துக்காரர்களுக்குச் சொல்கிறேன். பலகையில் என் பெயர் வேண்டும். ஓரத்தில் ஒண்டிக்கொண்டு அல்ல, முதல் வரியில். இயற்கை என்பதை அழித்துவிடுங்கள். எந்த இயற்கையும் வெள்ளைக் கோட்டைத் தாண்டிக் குழி போடவில்லை. ஈரப் பொடியைப் பார்த்த பிறகும் மருந்து வைத்து, அக்காளின் கிணற்றை இங்கே இழுத்து வந்தவன் நான் என்று எழுதுங்கள். எழுத்தைப் பெரிதாகப் போடுங்கள். அக்காளுக்குப் பார்வை மங்கல். ஆனால் எழுத்துக்கூட்டி வாசிப்பாள்.